அப்பா என்று எழுதிய இடம்

ஃபிரிஸ்கோ
செப்டம்பர் 20, 2025

அண்ணிக்கு,

திருமூர்த்தி எழுதுவது. போனில் கூப்பிட்டால் "எதுவானாலும் எழுதிக் கேளுங்கள், எழுதிப் பதில் சொல்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். சரி. தமிழில் கையால் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவை எடுக்காமல் படியுங்கள்.

விஷயம் என் பையன் இளமாறனைப் பற்றியது. மே மாதம் அண்ணன் இறந்தபோது, உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று, அவன்தான் மகன் ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தான். மொட்டை போட்டுக்கொண்டு பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை உங்கள் வீட்டிலேயே இருந்தான். அதே சமயத்தில்தான் அவனுடைய நியூ ஜெர்சி காலேஜில் இறுதித் தேர்வு. இரண்டு பாடம் எழுதவில்லை. வீட்டில் துக்கம் என்று மனு கொடுத்தான். 'முடிக்கவில்லை' என்று போட்டுவிட்டு, பிறகு எழுதலாம் என்றார்கள்.

ஜூனில் இங்கே டெக்சாஸ் காலேஜ் ஒன்றில் பாஸ்கெட்பால் டீமில் இடம் கிடைத்து டிரான்ஸ்ஃபர் ஆனான். கோச் அவனை முதல் ஐந்து பேரில் வைத்திருக்கிறார். ஆனால் ஒரு ரூல் இருக்கிறது. பழைய காலேஜிலிருந்து படிப்பில் தேறிய நிலையில் வந்தவன்தான் உடனே ஆடலாம்.

ஆகஸ்டில் பழைய காலேஜ் ஆபீஸிலிருந்து, தேர்வுத் தேதி விஷயமாக, எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. நான் எடுத்தேன். "இளமாறனோட அப்பா பேசறேன்" என்றேன். "அவர் மே மாதமே இறந்துட்டாரே" என்றார்கள். மனுவில் இறந்தவர் யார் என்ற இடத்தில் 'அப்பா' என்று இருக்கிறது.

அவர்கள் ரூல்படி பெற்றோர், கூடப் பிறந்தவர், தாத்தா பாட்டி இறந்தால்தான் அந்தச் சலுகை. பெரியப்பாவுக்குக் கிடையாது. மனு பொய் என்று ரத்து செய்து இரண்டு பாடத்திலும் எஃப் போட்டு ஃபெயிலாக்கிவிட்டார்கள். இப்போது தினமும் பிராக்டிஸ் போகிறான், ஆட மட்டும் அனுமதி இல்லை. நவம்பர் முதல் வாரம் சீசன் ஆரம்பம்.

நீங்கள் ஒரு லெட்டர் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவனை நீங்களும் அண்ணனும் தத்து எடுத்த மாதிரி வளர்த்தீர்கள், அண்ணன்தான் அவனுக்கு அப்பா என்று நாலு வரி. வேறு வழி தெரியவில்லை அண்ணி.

திருமூர்த்தி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
செப்டம்பர் 29, 2025

அன்புள்ள திருமூர்த்தி தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'தத்து எடுத்த மாதிரி' என்று எதுவும் கிடையாது. தத்து எடுத்தோமா, எடுக்கவில்லையா என்பதுதான் கேள்வி. எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஃபிரிஸ்கோ வீட்டுப் புதுமனை புகுவிழா அன்று, இளமாறனுக்கு அப்போது இரண்டு வயது, உங்கள் அண்ணன் வாய் திறந்து கேட்டார். தமக்காக எதையும் யாரிடமும் கேட்டறியாத மனிதர். நீங்கள் "யோசிச்சுச் சொல்றேன் அண்ணா" என்றீர்கள். காரில் வரும்போது அவர், "பெத்தவ தாமரைச்செல்வி சம்மதிக்கணுமல்ல, நேரம் ஆகும்" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பதினெட்டு வருடமாகப் பதில் வராத கேள்விக்கு, இப்போது ஒரு கூடைப்பந்துக்காக, என்னையே பதில் எழுதச் சொல்கிறீர்கள்.

நான் மருந்துக் கம்பெனியில் முப்பது வருடம் ஆவணம் சரிபார்த்தவள். நடக்காததை நடந்ததாக எழுதிய தாளை எத்தனை பெரிய விஞ்ஞானி நீட்டினாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோயம்புத்தூர் கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. பொய்க்குக் கீழே பெயர் போடக் கூடாது என்பது மறக்கவில்லை.

அந்தப் பையன் செய்ததை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. இங்கே கொள்ளி வைக்க நெருப்பு கிடையாது, ஒரு பச்சைப் பொத்தான்தான். அந்தத் தகன அறையில் அவன் அதன்மேல் கை வைத்துவிட்டு அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்த பிறகுதான் அழுத்தினான். அதற்காக அவன் என் மகன் ஆகிவிடுவானா? மகனுடைய வேலையைச் செய்தான். இரண்டும் வேறு.

எனக்கு ஆத்திரம் உங்கள் மேல்தான். இருபது வயதுப் பையனிடம் 'பெரியப்பா என்றால் வேலை நடக்காது, அப்பா என்று போடு' என்று சொல்லிக்கொடுத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அப்போதே யாராவது மனம் இரங்கியிருப்பார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். வேண்டுமானால் கல்லூரிக்கு நேரில் போய் உண்மையைச் சொல்கிறேன்.

சாந்தாமணி


ஃபிரிஸ்கோ
அக்டோபர் 7, 2025

அண்ணி,

எழுதச் சொன்னது நான்தான். போதுமா? அவனைத் திட்டாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ஐந்தாம் நாளே காரியத்தை முடித்துக்கொள்ளலாம், பையனுக்குப் பரீட்சை இருக்கிறது என்று உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னது யார்? நான். "அவருக்குப் பதினாறு நாள் உட்கார ஆள் இல்லையா" என்று கேட்டது யார்? நீங்கள். அப்புறம் யாரால் அவன் பரீட்சை எழுதவில்லை? அப்போது வழக்கம் பெரிதாக இருந்தது, இப்போது உண்மை பெரிதாக இருக்கிறது. இரண்டுக்கும் என் பையன்தான் கிடைத்தானா?

தாமரை தினமும் கேட்கிறாள், "உங்க அண்ணி என்ன சொல்றாங்க? லெட்டர் வந்துருச்சா?" என்று. வந்துவிட்டது, ஆனால் அது வேற லெட்டர் என்று எப்படிச் சொல்வேன்?

நேற்று கோச் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "நான் இன்னொரு பிளேயரைத் தேட வேண்டியிருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இளமாறன் விளையாடும் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டால் அடுத்த வருஷம் இவனுக்கு ஸ்காலர்ஷிப் இருக்குமா தெரியாது. டெக்சாஸ் ஆபீஸைக் கேட்டால் நியூ ஜெர்சியைக் கேளுங்கள் என்கிறது. நியூ ஜெர்சி, மாணவனே பேசட்டும் என்கிறது. மாணவனோ பேசுவதே இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். "என்னடா ஆச்சு"ன்னேன். "நத்திங், டாட்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

நீங்கள் காலேஜுக்குப் போகாதீர்கள். உண்மை சொல்கிறேன் என்று போனால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருங்கள்.

திருமூர்த்தி


சான்டா கிளாரா
அக்டோபர் 24, 2025

திருமூர்த்தி தம்பிக்கு,

என் தங்கை மகள் அஞ்சனா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்த ஊரில் குளிரும் இல்லை, வேலையும் இல்லை. மளிகைக் கடையில் சின்ன வெங்காயம்கூட உரித்து விற்கிறார்கள்.

பதினாறு நாள் உட்கார வைத்தது நான்தான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

இப்போது வேறொன்று. நியூ ஜெர்சி கல்லூரியில் விளையாட்டுப் பிள்ளைகளின் படிப்பைக் கவனித்துக்கொண்ட மேகன் என்ற ஆலோசகர், மனுவை வாங்கிய அதே பெண், ஜூனில் வேலையை விட்டு இங்கேதான் வந்திருக்கிறாள். அஞ்சனா எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். நேற்று மூவரும் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். உபத்திரவம் செய்வதற்கு அல்ல. அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் நல்லபடி சொல்வாளா என்று கேட்பதற்குத்தான் போனேன்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் நின்றேன். "நீங்கதானே அம்மா" என்றாள்.

"இல்லை" என்றேன். "நான் அவனுடைய பெரியப்பா மனைவி."

அவளுக்குப் புரியவில்லை. "ஆனா உங்க ஹஸ்பண்டை எனக்கு நல்லாத் தெரியுமே. ஒவ்வொரு ஹோம் கேமுக்கும் வருவார். காரக் கடலை கொண்டு வந்து எங்க ஆபீஸுக்கே கொடுப்பார். பாதிப் பேர் அழுதுக்கிட்டேதான் சாப்பிடுவோம், அவ்வளவு காரம்."

"அவர் யார் என்று உங்களிடம் யார் சொன்னது?"

"இளமாறன்தான். ஃபர்ஸ்ட் இயர்ல கூட்டிட்டு வந்தான். 'இது என் டாட்'னு சொன்னான். அவர் சிரிச்சுக்கிட்டே கை கொடுத்தார்."

அஞ்சனா என் கையைப் பிடித்தாள். நான் எடுத்துக்கொண்டேன். "மனு எழுதும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்று கேட்டேன். அவனுடைய பதிவுகளைப் பற்றித் தான் பேசக் கூடாது என்றாள். அது சரியான பதில்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டே, "தனியாத்தான் வந்தான். மொட்டைத் தலையில குல்லா போட்டிருந்தான். அதை மட்டும் சொல்றேன்" என்றாள்.

ஆக, நீங்கள் எழுதச் சொல்லவில்லை. அவனே எழுதியிருக்கிறான். அதற்கும் முன்பே சொல்லியும் இருக்கிறான். நீங்கள் ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள்?

உங்கள் அண்ணனிடம் கேட்க வேண்டியவை எனக்கு இன்னும் அதிகம். சனிக்கிழமை சனிக்கிழமை அந்த ஆட்டத்துக்குப் போய்விட்டு வருவார். "என்ன ஆச்சு" என்று கேட்டால், "ஜெயிச்சோம்" அல்லது "தோத்துட்டோம்" என்பார். ஒருவர் அவரை அப்பா என்று அறிமுகம் செய்ய, அவர் அதைத் திருத்தாமல் கை குலுக்கியிருக்கிறார். நாற்பத்து நான்கு வருடம் அருகில் இருந்தவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருத்தியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

சாந்தாமணி


ஃபிரிஸ்கோ
நவம்பர் 6, 2025

அண்ணி,

ஆமாம். எனக்குத் தெரியும். ஆகஸ்டில் அந்தப் போன் வந்த அன்றே மனுவின் நகலை இளமாறனிடம் வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர் என்ற இடத்தில் நஞ்சுண்டன் என்று அண்ணன் பெயர் இருக்கிறது. அவன் கையெழுத்து. நான் உயிரோடு இருக்கிறேன், காரேஜில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன், கையில் என் சாவுக்கு என் மகன் எழுதின மனு.

தாமரையிடம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ஒரு பையன் தன் அப்பாவை விட்டுவிட்டு வேறொருவரை எழுதினான் என்பதைவிட, அப்பன் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தான் என்பது பரவாயில்லை என்று தோன்றியது. எனக்கு உங்களைப் போல எழுத வராது.

ஏன் என்று அவனைக் கேட்கவில்லை. என்ன கேட்பது? அவன் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனை கேம் பார்த்தேன்? ஒன்று. அதுவும் மீட்டிங்குக்கு வந்த இடத்தில். பாதியில் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டேன்.

முதல் கேம் முடிந்தது. நான் போயிருந்தேன். நாலு மணி நேரம் டிரைவ். எல்லோரும் டீம் உடையில், அவன் மட்டும் பெஞ்ச் கடைசியில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தான். டைம் அவுட் வந்தால் எழுந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறான். முதல் ஐந்தில் இருக்க வேண்டியவன்.

இப்போது உங்கள் ஊர்க் காலேஜ் ஒரு வழி சொல்கிறது. பதினெட்டாம் தேதி மூன்று பேர் கமிட்டி. 'நான் எழுதியது தவறு, இறந்தவர் என் அப்பா அல்ல' என்று அவன் கையெழுத்துப் போட்டால், தேர்வு எழுத விடுவது பற்றி யோசிப்பார்களாம். நான் சந்தோஷமாக அவனிடம் சொன்னேன். போட மாட்டேன் என்கிறான்.

"ஏன்டா?"

"ஐ பிரஸ்ட் தட் பட்டன், அப்பா. ஐ'ம் நாட் டேக்கிங் இட் பேக்."

அவ்வளவுதான். அதற்கு மேல் வாங்க முடியவில்லை. அப்பா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்.

நீங்கள் போவதாக இருந்தால் போங்கள். நான் வீடியோவில் வருவேன்.

திருமூர்த்தி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
நவம்பர் 20, 2025

அன்புள்ள திருமூர்த்தி தம்பிக்கு,

நீங்கள் பேசி முடித்ததும் உங்கள் திரையை அணைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நான் சொன்னதைக் கேட்டீர்கள். இளமாறனின் தந்தை ஃபிரிஸ்கோவில் நலமாக இருக்கிறார், இறந்தவர் என் கணவர், எங்களுக்குப் பிள்ளை இல்லை, எங்கள் வழக்கப்படி இவன் மகனின் கடமையைச் செய்தான், அதனால் தேர்வுக்கு வர முடியவில்லை, வர விடாதவள் நான். கமிட்டித் தலைவியாக இருந்த அம்மாள், "எங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை" என்றாள். "அது படிவத்தின் குறை" என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

இளமாறன் இன்னொரு திரையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். திருத்தத்தில் கையெழுத்துப் போடுவாயா என்று இருமுறை கேட்டார்கள். மாட்டேன் என்று தலையாட்டினான். எனக்கு அவனை ஒரு அறை அறைய வேண்டும் போல இருந்தது. இத்தனை பேர் இத்தனை தூரம் வந்து நிற்கிறோம், ஒரு சொல்லுக்காகப் பிடிவாதம்.

அப்போது நீங்கள் பேசினீர்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்து, நிறுத்தி, அவனிடம் தமிழில் சொன்னீர்கள். கமிட்டிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன், ஆகவே ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

"மாறா, நீ சின்னப் பையனா இருந்தப்போ பெரியப்பா உன்னை எங்ககிட்டக் கேட்டார். யோசிச்சுச் சொல்றேன்னேன். கடைசி வரைக்கும் சொல்லலை. இப்பச் சொல்றேன். குடுத்தாச்சு. நீ பண்ணினதெல்லாம் அவர் மகனாத்தான் பண்ணினே, அதை யாரும் எடுக்க முடியாது. இப்ப எனக்காக அந்தக் காகிதத்துல சைன் பண்ணு. நான் உயிரோட இருக்கேன்டா."

கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

அதன்பிறகுதான் உங்களை அணைத்தார்கள். அவன் நிமிர்ந்து, "ஓகே" என்றான். கையெழுத்துப் போட்டு அங்கேயே அனுப்பினான்.

தீர்ப்பு இது. ஜனவரியில் இரண்டு தேர்வையும் இங்கே வந்து எழுதலாம். தேறினால் எஃப் நீங்கும். தவறாக எழுதியதற்கு ஓர் எச்சரிக்கை அவன் பதிவில் இருக்கும். இதற்கு மூன்று பேர், இரண்டு மணி நேரம். மே மாதமே அந்த மேகன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சாந்தாமணி


ஃபிரிஸ்கோ
டிசம்பர் 15, 2025

அண்ணி,

டெக்சாஸ் ஆபீஸ் பதில் வந்துவிட்டது. தேர்வில் பாஸானாலும் இந்த சீசன் கிடையாதாம். கல்வி ஆண்டு ஆரம்பித்த அன்று என்ன நிலையோ அதுதான் வருஷம் முழுக்கவாம். இவ்வளவுக்கும் பிறகு. போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

கோச் இன்னொரு பிளேயரை எடுத்துவிட்டார். அடுத்த சீசனுக்கு இடம் வைத்திருப்பேன் என்கிறார், ஆனால் எழுதித் தரவில்லை. நீங்களாக இருந்தால் எழுதி வாங்கியிருப்பீர்கள்.

இனி எதற்குத் தேர்வு என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. டிக்கெட் போடுங்கள் என்றான். ஜனவரி மூன்றாம் தேதி வருகிறான். தாமரையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உங்களுக்கு என்று பருப்புப் பொடி அரைத்து, பையனிடம் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தாள். உப்பு அதிகம். சொல்லாமல் சாப்பிடுங்கள்.

அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமூர்த்தி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜனவரி 14, 2026

அன்புள்ள திருமூர்த்திக்கு,

இளமாறன் இரண்டு தேர்விலும் தேறிவிட்டான். சரித்திரத்தில் பி. புள்ளியியலில் சி பிளஸ், அதில் எனக்குத் திருப்தி இல்லை, அவனிடமும் சொன்னேன். "பாஸ் இஸ் பாஸ், பெரியம்மா" என்கிறான். பொடியில் உப்பு அதிகம்தான். தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் ஊரில் வந்து இறங்குவான். நீங்களே போய் அழைத்து வாருங்கள், ஊபரில் வரட்டும் என்று விடாதீர்கள். கமிட்டியில் நீங்கள் கொடுத்ததாகச் சொன்னதை உங்கள் அண்ணன் சார்பில் பெற்றுக்கொண்டேன். பையனைத் திருப்பி அனுப்புகிறேன். அவன் உங்களுடையவன், அதில் எனக்கு எப்போதும் குழப்பம் இருந்ததில்லை. அடுத்த சீசன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போங்கள். முழுவதும் உட்காருங்கள்.

போன சனிக்கிழமை அவன் பழைய கல்லூரியில் ஓர் ஆட்டம். போகலாமா என்று கேட்டான். இந்தச் சத்தத்துக்கும் எனக்கும் ஆகாது, ஆனாலும் போனேன். உங்கள் அண்ணன் வழக்கமாக உட்காரும் இடத்தைக் காட்டினான். பின்வரிசை, ஓரம். நான் காரக் கடலை வறுத்து எடுத்துப் போயிருந்தேன். வாசலில் பையைச் சோதித்த பெண் அவனை அடையாளம் கண்டு, அவன் தலையில் முடி வளர்ந்துவிட்டதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பையனா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "என் கணவருடைய பையன்."

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையசைத்து உள்ளே விட்டாள். என்னை அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள் என்று நினைத்திருப்பாள்.

நான் திருத்தவில்லை.

சாந்தாமணி